முதல் இலை குழலிக்கு

குழலிக்கு ஆறு வயசு. வேர்க்கடலை துளி பட்டாலும் தொண்டை வீங்கிவிடும். அதனால் அவள் காலரில் ஒரு மோப்பப் பொத்தான். இலையில் விழுவதையெல்லாம் மோந்து பார்த்து உரக்கச் சொல்லிவிடும்.

பெரியம்மா வீட்டுக் கல்யாணப் பந்தியில் மைசூர்பாகு வந்தது. "சுத்தமான நெய்," என்றார் சமையல்காரர் துரைக்கண்ணு.

பெரியம்மா குழலியின் அம்மா பக்கம் குனிந்து, "சம்பந்திவீட்டுக்காரங்க எதிர்ல இருக்காங்க. அதை அணைச்சு வைடி," என்று கெஞ்சினாள்.

"கோவிச்சுக்காதேக்கா, புள்ளைக்கு மூச்சு நின்னுடும்," என்றாள் அம்மா.

அதற்குள் பொத்தான் கத்தியது. "நெய் இல்லை. கடலை எண்ணெய். தொடாதே, குழலி."

பந்தி முழுக்கக் கைகள் நின்றன. சம்பந்தியம்மா எழுந்தாள். போச்சு, கல்யாணமே நின்றது என்று பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா பாயாசக் கிண்ணத்தோடு குழலியிடம் வந்தாள்.

"கண்ணு, இதையும் கேட்டுச் சொல்லேன். சர்க்கரையே போடலைன்னு சமையல்காரர் சத்தியம் பண்ணினார். எனக்குச் சுகர்."

சாயங்காலப் பந்தியில் முதல் இலை குழலிக்குத்தான். துரைக்கண்ணு பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"கேசரி. சுத்தமான நெய். சாப்பிடலாம், குழலி," என்றது பொத்தான்.

துரைக்கண்ணு வியர்வையைத் துடைத்தார். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா. சம்பந்தியம்மா காதுல விழலை."