கப்பல் நேரம்

"அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பிடும். இங்க நேரம் வேற, கப்பல்ல நேரம் வேற. என் வாட்சைப் பார்த்து நாலுக்கு எழுப்பிடும்மா."

வாட்சைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு அப்பா சோபாவில் சாய்ந்தார். நான்கு மாதக் கடல் பயணத்தில் மகள் வீட்டுக்கு ஒதுக்க முடிந்தது இந்த ஒரு பகல்தான்.

"தரை இன்னும் ஆடுற மாதிரியே இருக்கு..." முணுமுணுத்தபடியே கண்ணயர்ந்தார்.

ஜன்னல் திரை மெல்ல அசைந்தது. அவளுக்கும் வீடே மிதப்பது போலிருந்தது. மணி பார்க்கக்கூட மனமில்லாமல், வாட்சின் பெரிய முள்ளை ஒரு சுற்று பின்னால் திருப்பிவைத்தாள்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ, துறைமுகத்தில் கப்பல் கிளம்பும் ஐந்து மணிச் சங்கு ஊதியது. வாட்சைப் பார்த்தாள். மூன்று!

"ஐயோ, நான் ஒரு மணி நேரந்தானே திருப்பினேன்!" வாய்தவறி வந்துவிட்டது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு மணி நேரத்தை நான் வாசல்லயே திருப்பிட்டேம்மா."