தாழ்ப்பாள் இல்லாத பங்களா

“இந்த ஆளு நம்மளக் கொல்லத்தான் பாக்குறான்,” என்றாள் சொர்ணவல்லி.

தொண்டிக்குத் தெற்கே, கடலோர முள்காட்டுக்குள், தனுஷ்கோடிப் புயலுக்குப் பிறகு அதிகம் பேர் வராத வாடகை பங்களா. ஆள் அரவமில்லாத இடம்தான் வேண்டும் என்று தேடிப் பிடித்தவன் அவள் கணவன் காளிதாஸ். காரைக்குடியிலிருந்து நேற்றுத்தான் வந்தார்கள். கூப்பிட்டால் வர, காவல்காரர் பெரியகருப்பனை விட்டால் யாருமில்லை.

“சும்மா பயப்படாத,” என்றான் காளிதாஸ்.

“அருவாமனையத் தூக்கிட்டுப் போயிட்டான். கிணத்துக் கயிறக் காணோம். இப்பத் தாழ்ப்பாளையும் கழட்டிட்டான். நீங்க கடலுக்குப் போனா பின்னாலயே வாரான்.”

சன்னலில் நிழல் விழுந்தது. பெரியகருப்பன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கள என்ன செய்யப் போறீக?” அவள் குரல் நடுங்கியது.

அவர் குரலும் நடுங்கியது. “தப்பா நெனைக்காதீக தாயி. நேத்து ஐயா கடலுக்குக் கெளம்புறப்ப, ‘போயிட்டு வாரேன்’னு சொல்லல. ‘போறேன்’னு மட்டும் சொன்னாக. போன வருசம் இங்க வந்து தங்கி, அப்படிச் சொல்லிட்டு எறங்குனவரு கரைக்கு வரவே இல்ல. அதான் பயந்துபோயி எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வச்சேன்.”

சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று சொல்ல வந்தவள், பாதியில் நின்றாள்.

காரைக்குடியில் எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்தபோதும் அவன் அப்படித்தான் சொன்னான். “நாங்க போறோம்.”

திரும்பிப் பார்த்தாள். காளிதாஸ் தலை நிமிரவில்லை.

“அண்ணே,” என்றாள் சன்னலைப் பார்த்து, “நீங்க எங்கயும் போயிராதீக.”