முதல் வளைவு

பயிற்சியில் பறக்கிற வண்டி, பந்தயத்தன்று மட்டும் முதல் வளைவிலேயே ஏன் வழுக்குகிறது என்பது பொறியியலாளர் தக்‌ஷிகாவுக்கு விளங்கவேயில்லை. ருவான்வெல்லையில் சூப்பர் பைக் செய்யும் அவர்களுடைய கம்பெனி கடைசியாக வென்று ஆறு வருடமாகிவிட்டது.

"இந்த ஞாயித்துக்கிழமையும் தோத்தா ரேஸ் டீம இழுத்து மூடிடுவேம்மா," என்றார் முதலாளி வைத்தியலிங்கம். "எஞ்சின மாத்தியாச்சு, ரைடர மாத்தியாச்சு. இன்னும் என்னத்த மாத்துறது?"

அவர் போனதும் மெக்கானிக் ஆதிப் முனகினார். "அடுத்து நம்மளத்தான் மிஸ்."

தக்‌ஷிகா பழைய பந்தய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "ஆதிப், ரேஸ் டயர் எண்பது பாகைச் சூட்டுலதான் ரோட்டப் பிடிக்கும். அதுக்குத்தானே மின்சாரப் போர்வை சுத்தி வைக்கிறோம்? அத எத்தன மணிக்குக் கழட்டுறீங்க?"

"சுபநேரத்துக்கு மிஸ். போன தடவ ஒன்பதரை. முதலாளி தேங்கா உடைச்சு, சக்கரத்துக்குச் சந்தனம் பூசணுமே. போர்வையோட சாமி கும்பிட்டா மரியாதையில்லையாம்."

"பந்தயம் பத்து மணிக்கு! அதுக்குள்ள டயர் பச்சத்தண்ணியா ஆறிடுமே."

"அல்லாஹ்வே! இத அவருக்கு யாரு சொல்றது?"

"அவர் யார் பேச்சக் கேப்பாரோ, அவங்கதான்," என்று தக்‌ஷிகா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஞாயிறன்று வண்டி வென்றது. முதலாளி அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, "பூசையோட மகிமையப் பாத்தீங்களா!" என்று பத்திரிகைக்காரர்களிடம் பூரித்தார்.

தக்‌ஷிகா கேகாலைக்குப் போய் அவருடைய ஜோசியரைப் பார்த்து, சுபநேரத்தைப் பந்தயம் முடிந்த பிறகு வரும்படி குறித்து வாங்கியிருந்தாள்.