முந்திக்கொண்ட பாட்டு

"புதுசா வந்திருக்கிறவங்க கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. நாங்கெல்லாம் பார்க்க வேண்டாமா?" என்றார் சபை செக்ரட்டரியான வாத்தியார், வாயெல்லாம் பல்லாக.

கடைசி பெஞ்சில் ஒரு இளஞ்ஜோடி எழுந்து நின்றது.

"பேரு?"

"பழனிமுத்துங்க. இவ என்ர சம்சாரம், குப்பாயி. பனியன் கம்பெனில வேலைக்குச் சேர்ந்திருக்கறமுங்க."

"ரொம்ப சந்தோசம். சொந்த ஊரு?"

"குண்டடமுங்க."

"அடடே, நமக்குத் தெரிஞ்ச ஊராச்சே! குண்டடத்துல எந்தத் தெரு? தகப்பனார் பேரு என்ன?"

பழனிமுத்து தொண்டையைச் செருமினான். அவன் வாயைத் திறப்பதற்குள் முன் பெஞ்சிலிருந்து காணிக்கைப் பாட்டு கிளம்பிவிட்டது.

கிளப்பியவர் சென்னியப்பன். சலவைப் பட்டறையில் துணி வெளுக்கிற மனுஷர்தான். ஆனால் அந்தச் சின்ன வேதக் கோயிலில் ஆர்மோனியம் கிடையாது, அவர் தொண்டைதான் ஆர்மோனியம். அவர் பாட்டை எடுத்துவிட்டால் சபை எழுந்தாக வேண்டும்.

எழுந்தது. நயா பைசாவைத் தேடி மடியையும் சுருக்குப் பையையும் தடவினார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியார் கேட்ட கேள்வி அந்தரத்தில் தொங்கியது. புதுசாக வந்த இரண்டு பேரும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாருமே கவனிக்கவில்லை.

மூணாவது பெஞ்சில் இருந்த பழனாத்தாளுக்கு மானமே போய்விட்டது. பாடுகிறவர் அவள் புருஷனாயிற்றே!

"என்ன பழனாத்தா, உங்கூட்டுக்காரரு அடுப்புல சோத்தை வெச்சுட்டு வந்துட்டாரா?" என்று பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள்.

அட கெரகமே! இது முதல் தடவையாக இருந்தால் பரவாயில்லை. வாரக் கூலிக்கு வந்த குடும்பம் எது எழுந்து நின்றாலும் இந்த மனுஷருக்கு இதே வேலையாகப் போயிற்று.

ஆராதனை முடிந்ததும் வாத்தியார் அவளை வாசலிலேயே மடக்கினார்.

"ஏனம்மா, வர்றவங்களை நாலு வார்த்தை விசாரிக்கறது ஒரு தப்பா? அதுக்குள்ள அவருக்கு என்ன அவசரம்? இன்னொருக்கா இப்படிப் பண்ணுனா பாட்டுக்கு வேற ஆளைப் பார்த்துக்குவோம். சொல்லி வையுங்க."

"சொல்றேனுங்க" என்றாள்.

இந்தக் கோயிலுக்கு வந்த புதுசில் அவர்களுக்கும் கடைசி பெஞ்சுதான். அங்கிருந்து மூணாவது பெஞ்சுக்கு வருவதற்கு எத்தனை வருஷம்! எல்லாம் அந்தத் தொண்டை வாங்கிக் கொடுத்த மரியாதை. அதுவும் போய்விட்டால்?

புருஷன் கெடுத்ததைத் தானாவது சரிக்கட்டலாம் என்று வேப்ப மரத்தடிக்குப் போனாள். குப்பாயி அங்கே தனியாக நின்றிருந்தாள்.

"தப்பா நெனைச்சுக்காதே கண்ணு. பாட்டுன்னா அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஆமா, எந்தத் தெருன்னு நீ சொல்லவே இல்லியே?"

குப்பாயி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அவரு கூப்புடறாருங்கக்கா" என்று நகர்ந்துவிட்டாள்.

யாரும் கூப்பிட்டதாகப் பழனாத்தாள் காதில் விழவில்லை. கோபித்துக்கொண்டு போகிறாள், வேறென்ன?

புருஷனோடு வீட்டுக்குத் திரும்புகையில் ஆற்றுப் பாலம் வரும் வரைக்கும் பழனாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கே இது நல்லா இருக்குதுங்களா? போன மாசம் சாமளாபுரத்துல இருந்து மில்லு சூப்பர்வைசர் வந்தாரு. தெரு, தகப்பன், பாட்டன், பூட்டன்னு பக்கம் பக்கமா அளந்தாரு. அப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

"இருக்கறவனுக்கு ஒரு நாயம், இல்லாதவனுக்கு ஒரு நாயமா? அதுவும் கோயில்லயா? அந்தப் புள்ளை மூஞ்சி சுண்டிப் போச்சுங்க!"

"அவருக்குத் தெருவைச் சொல்ல ஆசை. சொல்லிட்டுப் போறாரு" என்றார் மெதுவாக. "இந்தப் புள்ளைக்கு?"

"இந்தப் புள்ளைக்கு என்னவாம்?"

"கேள்வி விழுந்ததும் முந்தானையை எப்படி முறுக்குச்சுன்னு நான் திரும்பிப் பார்த்தேன்."

பழனாத்தாளின் நடை தளர்ந்தது. மரத்தடியில் பார்த்த அந்த விரல்கள் கண்ணுக்குள் வந்தன.

"பாட்டுக்கு வேற ஆள் போட்ருவோம்ங்கறாரு வாத்தியாரு" என்றாள், குரல் இறங்கி.

"போடட்டும். போடற வரைக்கும் நான் பாடறேன்."

"பாடாம இருந்தா கடைசி பெஞ்சுக்குத் தள்ளிருவாங்க நம்மளை."

சென்னியப்பன் பாலத்து நடுவில் நின்றுவிட்டார்.

"ஏம்புள்ளே, மறந்துட்டியா? நாம வந்த மொத நாளு நம்மளையும் இப்படித்தான் எழுப்பி நிறுத்துனாங்க. இதே கேள்விதான். நீயும் முந்தானையை முறுக்கிக்கிட்டே தெருப் பேரைச் சொன்னே. சொல்லி வாயை மூடறதுக்குள்ள, உன்ர பக்கத்துல உக்காந்திருந்த அம்மா புள்ளையைத் தூக்கிக்கிட்டு அக்கட்டப் போயி உக்காந்துக்கிட்டாங்க."

பழனாத்தாளின் கை தானாக முந்தானைக்குப் போயிற்று.

"அன்னிக்கு நமக்காக ஒருத்தரும் பாட்டெடுக்கலியே, பழனாத்தா."