வினிகர் ஊற்றிய பொட்டலம்

ஐலித் தள்ளிய வேகத்தில் வறுவல் கடையின் கதவு மணி அறுந்து விழப் பார்த்தது.

“எங்க வீட்டுக்காரரக் கொல்லாம விட மாட்டீங்களா? மாரடைப்பு வந்து பொழச்ச மனுஷன். வீட்ல நான் முட்டைக்கோஸ வேகவச்சுப் போடறேன், நீங்க மீன எண்ணெயில முக்கிக் குடுக்கறீங்க. அவரு கோட்டுப் பையில உங்க கடை எண்ணெய்க் காகிதம் கெடக்குது.”

கடைக்காரர் என்ஸோ நிமிரவில்லை. “நான் நடத்துறது கடைம்மா, ஆஸ்பத்திரி இல்ல. வியாழக்கிழமையானா வர்றாரு, கேக்கறாரு, குடுக்கறேன்.”

“புளுகாதீங்க. வியாழக்கிழமை அவரு எடை குறைக்கிற வகுப்புக்குப் போறாரு. நானே புடிச்சுத் தள்ளி அனுப்பறேன்.”

“வகுப்பு முடிஞ்சதும் வருவாரு. ரெண்டு பொட்டலம் வாங்குவாரு.”

“ரெண்டா? சாகறதுக்கு அவ்வளவு அவசரமா?”

“ரெண்டும் அவருக்கில்ல போல. ஒண்ணுல நம்ம ஊர் வழக்கப்படி உப்பும் சாஸும். இன்னொண்ணுல சாஸ் சொட்டுக்கூடப் படக்கூடாதும்பாரு. வினிகர்தான். எடின்பரோவுல பொறந்தவன் எவன் வினிகர் கேப்பான்? அது கிளாஸ்கோ நாக்கு.”

இந்தத் தெருவில் ஐலித்துக்குத் தெரிந்த கிளாஸ்கோக்காரி ஒருத்திதான். போன வாரம்கூட வாசலில் நின்று, “வறுத்தத அவரு கண்ணுல காட்டாதீங்கக்கா. வகுப்புக்கு மட்டும் தவறாம அனுப்பிவைங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள். வகுப்பு நடத்துகிற கிர்ஸ்டி.

“இன்னிக்கு வியாழக்கிழமைதானே?” என்றாள் ஐலித். “சுடச்சுட ஒரு பொட்டலம் கட்டுங்க. வினிகர நல்லா ஊத்துங்க. வகுப்புக்கு நானே கொண்டு போறேன்.”