ஐந்து மணி வரை

“அஞ்சு மணி வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி.”

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் போனில் கிசுகிசுத்தாள். பாவம், அந்தக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். வெளியே கதவில் காதை ஒட்டி நின்ற கணவனுக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

பத்து நாளாக இதே கூத்து. அவன் அறைக்குள் நுழைந்தால் லேப்டாப் மூடிக்கொள்ளும், போன் வந்தால் பால்கனிக் கதவு சாத்திக்கொள்ளும். எதிர்முனையில் எப்போதும் ஒரே ஆண் குரல். யார் என்று கேட்டால், ஆபீஸ் விஷயம் என்பதோடு சரி.

அவள் ஆபீஸ் வேலை என்னவென்று அவனுக்குத் தெரியாதா? கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளில் எங்காவது ஓட்டை விழுந்தால் கண்டுபிடித்து அடைப்பவள். ஊரார் ஓட்டையை எல்லாம் அடைப்பவள் சொந்த வீட்டிலேயே ஓட்டை போடுகிறாள் என்று அக்காவிடம் போனில் பொருமினான்.

அடுத்த தெருவிலிருந்து அக்கா பத்தே நிமிஷத்தில் வந்து, ஹால் சோபாவில் நீதிபதி மாதிரி உட்கார்ந்துவிட்டாள். தம்பி லீவு போட்டிருப்பதைப் பார்த்தபோதே அவளுக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் நானூறு கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று, சொந்தக் கல்யாணத்துக்கே ஒன்றரை நாள்தான் லீவு போட்டவன் அவன்.

“அந்த லேப்டாப்பைத் திறந்து காட்டச் சொல்லுடா. ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா காட்ட வேண்டியதுதானே?”

“அஞ்சு மணிக்குக் காட்டறேன் அண்ணி.”

“அதென்ன அஞ்சு மணி? அதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுடலாம்னா?”

அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினான். அலமாரியில் இருந்த அவள் துணிகளை வாரி, மடிப்புக் கலைய அதில் திணித்தான்.

“இப்பவே காட்டு. இல்ல, உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு.”

மணி நாலே முக்கால். காட்டிவிட்டால் இந்த நிமிஷமே எல்லாம் தீர்ந்துவிடும். ஆனாலும் அவள் தலை நிமிரவில்லை. அக்கா உச்சுக்கொட்டினாள்.

ஐந்து அடித்த கையோடு போன் ஒலித்தது. அதே ஆண் குரல். இந்த முறை அவளே ஸ்பீக்கரில் போட்டாள்.

“எல்லாரும் ஒரே நேரத்துல வெளியிட்டாச்சும்மா. இனிமே வீட்டுல சொல்லிக்கலாம்.”

அவள் லேப்டாப்பைத் தூக்கிக் கணவன் கையில் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். பேசியது அவர்கள் பிரிவின் தலைவர். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் மென்பொருளில் பத்து நாளைக்கு முன் பெரிய ஓட்டை ஒன்று அகப்பட்டது. பெயர் கேட்கும் இடத்தில் அளவுக்கு மீறி நீளமாகத் தட்டினால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விட்டுவிடும். இதைச் சேர்த்து விற்கும் எல்லா நிறுவனங்களும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தைத் தயாரித்து, ஒரே நேரத்தில் வெளியிடும் வரை, கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். முன்கூட்டியே கசிந்தால் திருடர்கள் முந்திக்கொள்வார்கள்.

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “இவ்வளவுதானா?” என்று எழுந்தவள், பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி மடிக்கத் தொடங்கினாள். அவள் மடித்த அழகில் மன்னிப்பு இருந்தது.

கணவன் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓட்டை எந்தெந்தப் பதிப்புகளில் என்ற பட்டியலில் அவன் விரல் ஓரிடத்தில் நின்றது. மேசைமேல் அவன் போன் அலறத் தொடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து.

“எங்க நானூறும் இந்தப் பதிப்புதான். பத்து நாளா திறந்து கிடந்திருக்கு. உனக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும். தினமும் அதையேதான் நெனச்சுட்டிருந்தேன். வாக்குக் கொடுத்துட்டேங்க.”

அக்கா மடித்து வைத்திருந்த துணிகளை அவன் எடுத்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்தான். இந்த முறை திணிக்கவில்லை. நிதானமாக அடுக்கிப் பெட்டியை மூடினான்.

“வேற ஒருத்தனோட தொடர்புன்னா மன்னிச்சிருப்பேன்.”