ரோட்டைப் பார்த்த நோட்டீஸ்

சமயநல்லூர்க் கிணற்றடியில் வெயில் ஏறுகிறது. ‘காலராக் கிணறு, தண்ணீர் எடுக்காதீர்’ என்ற அச்சு நோட்டீஸைச் சுகாதார ஆபீஸ் பியூன் கிணற்றுத் தூணில் ஒட்டுகிறான், அதுவும் ரோட்டைப் பார்த்த பக்கமாக. மறுபக்கம் உருளை கிரீச்சிட, ஆனிமேரி குடத்தை நிரப்புகிறாள். ரோட்டில் கல் உடைக்கும் தனிஸ்லாஸ், நாற்பது வயதில் கற்ற எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்கிறான். வாசித்து முடித்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “ஏன்யா, தண்ணி எறைக்கிறவுக அந்தப் பக்கமுல்ல நிக்கிறாக? வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துருமா?” “தொரை கார்ல போகையில கண்ணுல படணும்யா,” என்று பியூன் பசைக் கையைத் துண்டில் துடைக்கிறான். தனிஸ்லாஸ் அவள் பக்கம் திரும்புகிறான். “ஆனி, கொட்டு தாயி அந்தத் தண்ணிய! குடிச்சா வாந்திபேதி.” அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரிக்கிறாள். “பளிங்கு கணக்கா இருக்குண்ணே. நாலெழுத்துப் படிச்சதும் டாக்டராயிட்டீகளோ? புள்ளை தாகத்துக்கு அழுகுது, வாரேன்.” தனிஸ்லாஸ் ரோட்டோரத்துக்கு ஓடுகிறான். வேலியிலிருந்து கருவேல முள்ளை வெறுங்கையால் பிடுங்கி இழுத்து வந்து கிணற்று வாய்மேல் வீசுகிறான். இன்னொன்று. இன்னும் ஒன்று, தூணையும் மூடிக்கொண்டு. உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. “யோவ், நோட்டீஸ் மறையுதுய்யா!” என்று பியூன் கத்துகிறான். முள்ளையும் அந்தக் கையையும் பார்த்த ஆனிமேரியின் சிரிப்பு நின்றுபோகிறது. இடுப்புக் குடம் மெல்லச் சாய, தண்ணீர் புழுதியில் கொட்டிப் பரவுகிறது.